சிவப்புக் கோடு போட்ட அட்டை

தியாகராய நகர்,
22-7-75

கே.கே. நகரில் இருக்கும் என் தங்கை சண்முகவடிவுக்கு அண்ணன் அய்யாதுரை எழுதுவது. இங்கு நானும் உன் மதினி புஷ்பமும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை கருணாகரனும் சுகமாகத்தான் இருப்பீர்கள், நான் விசாரிக்கவில்லை.

நாலு வருஷம் கழித்து எழுதுவதால் கோபம் தீர்ந்துவிட்டதாக எண்ணாதே. உன் மகன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை மூன்றாவதாகப் போட்டதை நான் மறக்கவில்லை. இப்போது விஷயம் வேறு. ஆவணியில் என் மகள் ஜெயபாரதிக்குக் கல்யாணம். அத்தை வந்து நலங்கு வைக்காவிட்டால் மணவறையில் உட்கார மாட்டேன் என்கிறாள். உன் விலாசம்தான் என்னிடம் இல்லாமல் இருந்தது.

என் மேசைமேல் இருக்கும் அட்டைப் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு புத்தகத்தைப் படித்து நானாகக் கற்றுக்கொண்ட முறை. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பெயர், விலாசம், நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தாரா, வந்து எப்படி நடந்துகொண்டார், எல்லாம் அதில் இருக்கும். தவறு செய்தவர் அட்டையில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் பெட்டியின் பின்பக்கம் தள்ளிவிடுவேன். போகியன்று புஷ்பம் அவற்றை எரித்துவிட வேண்டும். உன் அட்டையும் அப்படித்தான் போனது. விலாசம் கேட்க உங்கள் தபால் ஆபீஸ் வரைக்கும் போனேன். அங்கிருந்த ஆள், "பேரு மட்டும் சொன்னா எப்படி பெரியவரே, அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால், புஷ்பம் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி என் முன்னால் வைக்கிறாள். உள்ளே பதினேழு அட்டைகள், அத்தனையும் நான் நீக்கியவை. "எரிக்கச் சொன்னிய, எரிச்சேன். பழைய காலண்டரைல்லா எரிச்சேன்" என்கிறாள். அதோடு போயிற்றா என்றால் இல்லை. வருஷா வருஷம் பதினேழு பேருக்கும் என் பெயரில் பொங்கல் வாழ்த்து போயிருக்கிறது. பனகல் பார்க்கில் நான் நீக்கியவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாழ்த்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். உனக்கு வந்த வாழ்த்தில், "அண்ணன் உன்னை நினைக்காத நாள் இல்லை" என்று இருந்திருக்கும். அது நான் எழுதியது அல்ல. கையெழுத்து மட்டும் என்னுடையது போலவே இருப்பதால் மறுக்கவும் வழியில்லை.

ஆகவே உன் அட்டையைத் திரும்பவும் முன்பக்கம் வைத்திருக்கிறேன். கோடு அழியவில்லை, ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். பத்திரிகை தபாலில் வரும். நான் நேரில் வந்து அழைப்பேன் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

அய்யாதுரை

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. பத்திரிகையோடு நானே கொண்டுவந்தேன். உன் வீடு பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டு ஹாஜிரா பீ சொல்கிறார்: "அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருக்காங்க, கல்யாண வேலைக்கு. பத்து நாளா தினம் போறாங்க. அண்ணன்காரரு மத்தியானம் லைப்ரரிக்குக் கிளம்பினதும் போயி, அவரு வர்றதுக்குள்ள திரும்பிடுவாங்க. நீங்க யாரு?"  வீட்டுக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நிற்கிறேன். இதை உன் கையில்தான் கொடுப்பேன். படித்துவிட்டு எழுந்து ஓடாதே. இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ.