புகார் எண் நாற்பத்தொன்று

அன்று காலை ஒரு சபதம் எடுத்தேன். என் கணினி ஏன் உறைகிறது என்று கண்டுபிடிக்கும்வரை முகச்சவரம் செய்வதில்லை. மனைவியிடம் அதை முறைப்படி அறிவித்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏற்கெனவே நாலு நாளாச்சு" என்றாள்.

என் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் என் மேஜையில்தான் போன் அடிக்கும். தேதி, நேரம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், எடுத்த நடவடிக்கை எல்லாம் பதிவேட்டில் ஏறும். ஏழு மாதத்துக்கு முன்னால், புகார் கேட்க மனிதக் காது தேவையில்லை, ஒரு குரல் இயந்திரம் போதும் என்று கம்பெனி முடிவு செய்து என்னை வீட்டுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து என்னிடம் யாரும் புகார் சொல்வதில்லை. மனைவி சொல்வாள். அது பதிவேட்டில் அடங்காது.

எனக்கு மிஞ்சிய ஒரே ராஜ்ஜியம் முன்னறைக் கணினி. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டவன் நான். அதன் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு நிறமும் என் கைவண்ணம். இந்த வீட்டில் என்னைக் கேட்காமல் அசையாத பொருள் அது ஒன்றுதான். மூன்று வாரமாக என்னைக் கேட்டும் அசையவில்லை.

உறைவதென்றால் சாதாரண உறைவில்லை. மவுஸின் அம்பு நிற்கும். எந்த விசையைத் தட்டினாலும் பதில் இருக்காது. மூலையில் இருக்கும் கடிகாரம் 12.34 என்று விறைத்து நிற்கும். உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அது மறுபடி எழுந்து வட்டைச் சரிபார்த்து முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு இழவு வீடு. ஆறுதலுக்கு ஆள் தேடிச் சமையலறைக்குப் போவேன். நான் புலம்பப் புலம்ப அவள் தட்டை எடுத்து வைப்பாள். சாயங்காலம் உறைந்தால் அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். மனசு சரியில்லாத மனுஷன் வீட்டில் தனியாக இருந்து என்ன செய்ய? நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன்.

புதுப் பதிவேடு போட்டேன். நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். நாள் முழுக்கச் சோதனை ஓட்டினேன், குற்றமில்லை. திரையை ஓட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். லினக்ஸின் மையக்கருவான கெர்னலையும் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். பெட்டியைத் திறந்து தூசியை ஊதினேன், தூசி எனக்குள் போய் இரண்டு நாள் இருமினேன். கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பேட்டில் 'பிழை' என்ற சொல்லைத் தேடினேன். ஒன்றுமில்லை. பிழை இல்லாத வரிகளை நான் படிப்பதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம்.

அடுத்த அறையில் அவளுடைய தையல் மெஷின் ஒரு நாள்கூட நின்றதில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

இப்படி உறைந்தால் மீட்க ஒரு வழி நான் முன்பே செய்து வைத்திருந்தேன். எங்கள் கம்பெனியில் லிஃப்ட் தானாக நிற்கும்வரை காத்திருக்க மாட்டோம். வேண்டுமென்றே நிறுத்தி, மீட்பதற்கு ஒத்திகை பார்ப்போம். அதே முறையில், அவளுடைய போனிலிருந்து கணினிக்குள் நுழைய வழி செய்து, இரண்டே கட்டளை வைத்தேன். 'நில்' என்று அடித்தால் திரை உறையும். 'போ' என்றால் விடுபடும். ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். இப்போது ஆபத்துக்கு 'போ' அடிக்கச் சொன்னால், "அதெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்றுவிட்டாள். போனைக் கேட்டால், அதையும் எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொன்னாள். என் பேச்சு இந்த வீட்டில் சுவரில்தான் ஏறுகிறது என்று வருத்தப்பட்டேன்.

அந்த வாரம் அவள் கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவள் தம்பி வந்து கணினியைத் தன் கடைக்குத் தூக்கிப்போய், லினக்ஸை வழித்தெறிந்துவிட்டு எல்லாரும் வைத்திருப்பதைப் போட்டுக் கொடுப்பானாம். கம்பெனி என்னிடமிருந்து மேஜையைப் பிடுங்கியது. மச்சினன் கணினியையும் பிடுங்கிக்கொண்டால் நான் காலையில் எழுந்து எங்கே போய் உட்காருவது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

சனிக்கிழமை மதியம் நாற்பத்தொன்றாவது புகாரை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. எல்லா உறைவும் பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் நடுவில், அல்லது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில். இத்தனை ஒழுங்காக எந்தப் பழுதும் வராது. வெளியிலிருந்து யாரோ மின்சாரத்தை உறிஞ்சுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் தண்ணீர் மோட்டார்!

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மோட்டார் எரிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு சார். குடத்துலதான் தூக்குறோம்."

"அப்ப வேற ஏதாவது பெரிய மெஷின்?"

"ஒண்ணுமில்ல. உக்காருங்க. உங்களைப் பார்த்ததுல சந்தோஷம். மூணு வாரமாத்தான் சாயங்காலம் உங்க வீட்டம்மாவோட நடந்து போறதைப் பார்க்கிறேன். அதுக்கு முன்னாடி நீங்க வெளியூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டீங்கன்னே நினைச்சுட்டிருந்தோம்."

மூன்று வாரம். என் பதிவேட்டின் முதல் பக்கத்துக்கும் அதே வயது. உட்காராமல் வாசல்படி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தேன். அவள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் மேல் போன் திறந்தபடி கிடந்தது. நான் போட்டுக் கொடுத்த அதே கறுப்புத் திரை. நில். நில். நில். நில். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒரே ஒரு 'போ' கூட இல்லை.

அவள் துணிக்குவியலோடு வந்து நின்றாள். ஒளிக்கவில்லை, பதறவும் இல்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"ஒத்திகை பாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஒரு தடவையாவது 'போ' அடிச்சிருக்கலாமே."

"அதுக்குள்ள நீங்கதான் பட்டனை அமுக்கிடுறீங்களே." துணியைக் கட்டிலில் போட்டாள். "சாப்பிட வாங்கன்னு நாலு தடவை கூப்பிடுவேன். 'இதோ'ன்னுவீங்க. மணி மூணாகும். ஏழு மாசமா அந்தப் பொட்டிக்கு நிறம்தான் மாத்துறீங்க. ஒரு வார்த்தை பேசல. அது நின்னாத்தான் நீங்க எழுந்திருக்கிறீங்க."

மச்சினனை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன்.

"அவன்கிட்ட நான் சொல்லவே இல்லை. கெடு வச்சா சீக்கிரம் கண்டுபிடிச்சுச் சவரம் பண்ணுவீங்கன்னு பார்த்தேன்."

ஆண்பிள்ளைக்கு ரோஷம் வராதா? அவள் போன் உள்ளே நுழையாதபடி அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். பதிவேட்டில் 'பழுது நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சபதம் நிறைவேறியதால் முகச்சவரமும் ஆயிற்று.

மறுநாள் கணினி நிற்கவில்லை. பன்னிரண்டரை ஆனது, ஓடியது. ஒரு மணி, ஓடியது. வெற்றி என்று நினைத்தேன். ஒன்றரைக்கு எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். இரண்டுக்குப் பழையபடி சிறிதாக்கினேன். யாரும் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு எழுந்து போனேன். அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து, மெஷினில் உட்கார்ந்திருந்தாள். என் சாப்பாடு மூடி வைக்கப்பட்டு ஆறிக் கிடந்தது.

"கூப்பிடலையே" என்றேன்.

"பொட்டி ஓடிட்டிருந்துச்சே. வேலையா இருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

நின்றபடியே தனியாகச் சாப்பிட்டேன். இந்த மூன்று வாரமும் நான் யாரோடு சாப்பிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. கையைக் கழுவிவிட்டு முன்னறைக்குப் போனேன். பழைய கடவுச்சொல்லையே திரும்பப் போட்டேன். யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டதாக நினைத்து, தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல அவள் பக்கமாக நடந்தேன்.

அவள் ஒரு கையால் துணியைத் தள்ளி, மறு கையில் இருந்த போனைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ம், உள்ளே போகுது. போய் உக்காருங்க, அஞ்சு மணிக்கு நிறுத்துறேன்."