எறும்பு கடித்ததால் எழுந்தேன்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையும் நலமா என்று அறிய ஆவல். உன் மகள் போனில் துள்ளிக் குதித்துச் சொன்னதை அப்படியே நம்பிவிடாதே. கூடப் பிறந்தவன் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "உடற்கல்வி ஆசிரியர் ஆகப்போறேன்னு விசிலும் கையுமா அலையறா. செய்முறைத் தேர்வுல ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா கடையில வந்து உக்காந்துடறேன்னு வாக்கு குடுத்திருக்கா. அண்ணா, நீ எழுந்திருக்கவே கூடாது!" என்றாய். ஓட விருப்பமில்லாத ஒருவரை மனம் மாற்றி, மைதானத்தை ஒரு சுற்று ஓட வைக்க வேண்டும், அதுதான் தேர்வு. அந்த விருப்பமில்லாத மாணவனாக நடிக்க வெளியாட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் என் பெயரைக் கொடுத்தவள் நீ. பழைய கோப்புகளுக்குக் காவலாக முப்பத்தோரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? நானும் மார்தட்டிக்கொண்டுதான் போனேன்.

மைதானத்து ஓரத்தில் பெஞ்சு. நல்ல பெஞ்சு, சாய்மானம் வைத்தது. பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மா, திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, பரிசு காட்டக் கூடாது, 'ஓடு' என்று ஒரு தரம் சொன்னால் ஒரு மதிப்பெண் போச்சு என்று அறிவித்தார். முதலில் வந்த இளைஞன், பாராட்டினால் ஊக்கம் வரும் என்று வகுப்பில் படித்தவன் போலிருக்கிறது. "சார், எவ்வளவு நிமிர்ந்து உக்காந்திருக்கீங்க! வேற யாராலயும் முடியாது சார்!" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து வந்தவள், மாணவனே தேர்ந்தெடுக்கட்டும் என்கிற கட்சி. "சார், மெதுவா ஓடறீங்களா, வேகமா ஓடறீங்களா?" என்றாள். "மூணாவதா ஏதாவது இருக்காம்மா?" என்றேன். பாவம், கையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வேறு ஆளை வைத்து மறுதேர்வாம். 'இவர் பாடத்திட்டத்திலேயே இல்லை' என்று தேர்வாளர் குறிப்பு எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் உன் மகள் வந்தாள். உறவு தெரியக் கூடாதென்று மாமா என்று கூப்பிடவில்லை, ஐயா என்றாள். என்னவோ பேசினாள், நான் காதில் வாங்கவே இல்லை, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் எறும்பு கடித்தது. சிவப்பு எறும்பு, கடித்த இடத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. துள்ளி எழுந்தேன். நின்றால் மறுபடி கடிக்குமே என்று நாலு எட்டு வைத்தேன், நாலு நாற்பதாச்சு, காற்று வேறு பின்னாலிருந்து தள்ளியது, நேரே போனால் வேலி என்பதால் வளைவில் திரும்பினேன், இப்படி ஒவ்வொரு அடிக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்து, நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சுக்கே திரும்பி வந்திருக்கிறேன். தேர்வாளர் கைதட்டுகிறார், தோற்ற இரண்டு பேரும் விசில் அடிக்கிறார்கள், உன் மகள் தேறிவிட்டாள். இதில் என் பங்கு துளியும் இல்லை, சகலமும் எறும்பு செய்த வேலை.

ஆகவே என்மேல் கோபப்படாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கடைக்குச் சீக்கிரம் வேறு நல்ல ஆள் கிடைக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத உன் அண்ணன்

பின்குறிப்பு: எறும்பு இல்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, கடைசியா எப்ப ஓடினீங்க?" என்று கேட்டாள். பதினொரு வயதில் என்றேன். "ஏன் நிறுத்தினீங்க?" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. பந்தயத்தில் கடைசியாக வந்தேன், விளையாட்டு வாத்தியார் "மூட்டை வந்திருச்சு, இறக்குங்கடா!" என்றார், பள்ளிக்கூடமே சிரித்தது என்று சொல்லித் தொலைத்தேன். மூன்றாம் வகுப்பு வரிசையில் நின்று நீயும்தான் சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே, "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன். இன்னிக்குக் கடைசி நான்தான்" என்றாள். எழுந்துவிட்டேன். நான் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவள் அதைவிட மெதுவாக வந்தாள். மூச்சு வாங்கி நின்றேன், அவளும் நின்றாள், கடைசி வரைக்கும் என்னைத் தாண்டவே இல்லை. நாளைக் காலையும் ஓடப்போகிறேன். நீயும் வாயேன். பயப்படாதே, உனக்குப் பின்னால் நான் வருகிறேன்.