ஐந்து நட்சத்திர யன்னல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு குளிருக்கு எதிராக எடுத்த மாபெரும் நடவடிக்கை, பனி கொட்டும் செயின்ட்-மிஷேலில் எங்கள் தையல் தொழிற்சாலை யன்னலில் லேபல் ஒட்டியதுதான். 'சக்திச் சிக்கனக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு அறிவிக்கிறேன். குழுவில் வேறு ஆள் இல்லை.

லேபலில் ஐந்து நட்சத்திரம்; குளிரை உள்ளே விடாத யன்னல் என்று அர்த்தம். கண்ணாடியை எங்கேயோ ஒரு சோதனைக்கூடத்தில் பரிசோதித்துக் கொடுத்தார்களாம். யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற வெடிப்பு ஒன்று உண்டு. அது சோதனைக்கூடத்துக்குப் போகவில்லை. ஆகவே 'அதிகாரபூர்வமாக' அது இல்லை.

இந்த மகிமை விளங்காத ஒரே ஆள், யன்னலடியில் தைக்கிற இந்திராதேவி.

“அண்ணை, விரல் விறைச்சுப் போச்சு. நேற்று நகத்துக்குள்ள ஊசி ஏறினதுகூடத் தெரியேல்லை. மெஷினை உள்ளுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ.”

“அஞ்சு நட்சத்திரம் கிடக்குது, வடிவாப் பாரும் தங்கச்சி. குளிர் வர வழியே இல்லை.”

“நட்சத்திரத்துக்குக் குளிராதுதான். எனக்கெல்லோ குளிருது!”

என்ன வாய்! முறைப்பாட்டை எழுத்தில் வாங்கி வைத்தேன். லேபல் திறப்பு விழா முடியட்டும், பதில் தருகிறேன் என்றேன்.

பெப்ரவரியில் விழா. லேபலும் படத்தில் விழவேண்டும் என்று முதலாளி சண்முகலிங்கம் குத்துவிளக்கை யன்னலடியிலேயே வைத்தார். முதல் திரியை ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. ஏழாம் தரம் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஆர் ஃபான் போட்டது?”

“ஃபான் இல்லை முதலாளி, யன்னல்,” என்றார் இந்திராதேவி.

“விசர்க் கதை கதையாதையும்! திரி ஈரம்.” கொஞ்சம் யோசித்தார். “நீர் ஒருக்கா யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லும். அசையக்கூடாது.”

இந்திராதேவி நின்றார். ஐந்து திரியும் நின்று எரிந்தன. எல்லோரும் கைதட்டினோம். அவர் நடுங்கியது படத்தில் தெரிந்ததால் அவரை மட்டும் வெட்டிவிட்டோம்.

சொன்ன சொல் தவறாமல் அங்கேயே நின்று பதிலை எழுதி இந்திராதேவியின் கையில் கொடுத்தேன்: “காற்று நுழைவதற்குச் சான்று இல்லை. குளிர் என்பது ஊழியரின் மனப்பிரமை. மெஷின் அசைக்கப்படமாட்டாது.”

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் அண்ணை, எழுத்தெல்லாம் இப்பிடிக் கோணிக் கிடக்கு?”

“கையுறையோட எழுதினனான். இந்த யன்னலடியில நிண்டு ஆர் தங்கச்சி அதைக் கழட்டுறது?”