இடது கை ஃபைனல்

கேரம் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, நரசிம்மன் வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு வந்து நின்றான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட பத்து, துணிக்கு வெளியே கசிந்திருந்தது.

"கதவு இடுக்குல மாட்டிகிச்சுப்பா. ஸ்டிரைக்கரைத் தொட முடியல. கப்பை நீயே எடுத்துக்க."

எதிர்த்து ஆட வேண்டிய சுப்பராயன் அந்தக் கட்டையே முறைத்துப் பார்த்தான்.

சுங்குவார்சத்திரத்துப் பக்கம் இருந்த அந்த போல்ட்டு கம்பெனியின் மனமகிழ் மன்றத்தில், ஐந்து வருஷமாக இறுதி ஆட்டம் என்றால் இந்த இரண்டு பேர்தான். ஐந்து வருஷமும் ஜெயித்தது ஸ்டோர்ஸ் நரசிம்மன். ஐந்து வருஷமும் கைதட்டியது லேத் சுப்பராயன். இந்த எழுபத்தெட்டாம் வருஷமாவது எப்படியும் அவனை வென்றுவிடுவது என்று, ஓவர்டைமைக்கூட வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தினமும் பழகியிருந்தான்.

அதற்காக, ஆடாமலே ஜெயிக்கிற வாக் ஓவரா? நரசிம்மன் எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் சுப்பராயன் ஆட்டக்காரனானான். அதற்கு முன்னால் அவன் அடித்த காய்கள் பக்கத்து ஆளின் மடியில்தான் விழுந்துகொண்டிருந்தன. அந்த நன்றி அவன் நெஞ்சு நிறைய இருந்தது. அப்பேர்ப்பட்டவனோடு நேருக்கு நேர் ஆடி ஜெயிக்க வேண்டும். முடியாவிட்டால் ஆடித் தோற்கவாவது வேண்டும்.

"ரெண்டு மணி நேரம் கீது. வா, சரி பண்ணிடலாம்."

"வேணாம்பா. தானா சரியாப் பூடும்."

"எப்ப? அடுத்த வருஷமா?"

சுப்பராயன் சோடாக் கடையில் ஒரு ஐஸ் கட்டி வாங்கி, கட்டின் மேலேயே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரம் விடவில்லை.

"வலி இன்னா சொல்லுது?"

"வெரல் இருக்குதான்னே தெரியலப்பா."

மரத்துப்போன விரலால் எப்படிக் காய் அடிப்பது? சூடு கொடுத்தால் சரியாகிவிடும் என்று டீக்கடைக்கு இழுத்துப் போய், கட்டை அவிழ்த்து, பாய்லர் தண்ணீர் இருந்த டம்ளரில் விரலை முக்கினான். நரசிம்மன் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்தெல்லாம் கரைந்து போக, விரல் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து வெளியே வந்தது.

"பாத்தியா, எப்பிடி வீங்கி கீதுன்னு? இதை அப்பவே கவனிச்சிருக்கணும்," என்று சுப்பராயன் கடிந்துகொண்டான்.

அடுத்து பரசுராமன். மாட்டுக்குச் சுளுக்கெடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல சுளுக்கு ஒண்ணும் காணமே."

"உள்ள எங்கனா இருக்கும். நல்லா இழு."

பரசுராமன் இழுத்தான். மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நரசிம்மன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அந்த விரல் மடங்கவே இல்லை.

மன்றத்தில் செக்ரட்டரி தேவராஜன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "மூணு மணிக்கு ரெண்டு பேரும் போர்டுல உக்காரலைன்னா கப்பு சுப்பராயனுக்குத்தான்."

"அதான் சார் நியாயம்," என்றான் நரசிம்மன் அவசரமாக.

"நியாயமாவது ஒண்ணாவது. நீ இடது கையால ஆடு," என்றான் சுப்பராயன்.

நரசிம்மன் ஒரு நிமிஷம் யோசித்தான். முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு வந்தது. "சரி, ஆடறேன்."

என்ன தைரியம் என்று சுப்பராயன் உருகிப்போனான். உருகியவன் அதோடு விட்டிருக்கலாம்.

"அப்ப நானும் இடது கையாலதான் ஆடுவேன்."

"உனக்கு இன்னாத்துக்குப்பா? உன் வெரல் நல்லாதானே கீது?"

"நீ கஷ்டப்படும்போது எனக்கு மட்டும் சோத்துக் கையா?"

ஆட்டம் ஆரம்பமானது. சுப்பராயனின் இடது கை அடித்த காய்கள் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றன. நரசிம்மன் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஏனோதானோவென்று அடித்தான். ஸ்டிரைக்கர் போர்டின் இரண்டு ஓரக் கட்டையிலும் மோதித் திரும்பி, ஒரே அடியில் இரண்டு காயைக் குழியில் தள்ளியது. கூட்டம் கைதட்டியது. நரசிம்மன் முகத்தைச் சுளித்தான்.

"வலிக்குதாப்பா?"

"ரொம்ப," என்றான் நரசிம்மன்.

காய் விழ விழ அவன் முகம் இன்னும் சுண்டியது. கடைசியில் ரெட்டும் விழுந்து, அதற்குத் துணையாகப் போட வேண்டிய ஃபாலோ காயும் தானே உருண்டு போய் விழுந்தபோது, அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஆறாவது வருஷமாகக் கப்பு நரசிம்மன் கைக்குப் போனது. சுப்பராயன் அவனைக் கட்டிக்கொண்டான். "இடது கையிலயும் நீதான்பா ராஜா. வலியோட எனக்காக வந்து ஆடினே பாரு, அதை நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

கப்பு வாங்கியவனோ பறிகொடுத்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

பரிசளிப்புக்காக வந்த நரசிம்மனின் மனைவி கிளியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுப்பராயன் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணே ஆச்சு இந்த வெரலுக்கு?"

"கதவு இடுக்குல மாட்டிகிச்சேம்மா. உனக்குத் தெரியாதா?"

"கதவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. இந்த வருஷமாவது கப்பு உங்க வூட்டுக்குப் போவட்டும்னு, நல்லா இருந்த வெரலுக்குக் கட்டுப் போடச் சொன்னாரு இந்த மனுசன்."