மீன்காரியின் முந்தானை

வெளியே போகாத பெண்ணை ஊர் அடக்கமானவள் என்றுதான் சொல்லும். அவளுக்கு வெளியே போகவே பயம் என்று ஒருவருக்கும் தோன்றாது. அந்தப் பாராட்டில் நான் வெகுகாலம் சுகமாக இருந்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிது. தெருமுனை தாண்டினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். கடைக்கும் குழாயடிக்கும் என் வீட்டுக்காரரே போய்வருவார். (பகலெல்லாம் தோல் பட்டறையில் நின்றுவிட்டு. பாவம்.)

அறுபதுகளின் கடைசியில், உலகமெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சல் பம்பாய்க்கும் வந்தது. வெளியே போகாதே, கூட்டத்தில் சேராதே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊரே என்னைப்போல ஆகிவிட்டது என்று எனக்கு உள்ளூர நிம்மதி. அது அவர் படுக்கையில் விழும்வரைதான்.

உடம்பு அனலாகக் கொதித்தது. பேச்சு குழறியது. அக்கம்பக்கத்திலும் எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். டாக்டரோ பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"நீ போவாண்டாம்ளா. ஒனக்குப் பயம்லா. எனக்குத் தானா சரியாயிரும்" என்று முனகினார்.

அவருக்கு என் பயம் எப்போதோ தெரிந்திருக்கிறது. அதற்குமேல் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை.

சுவரைத் தடவித் தடவியே ரோடுவரை போய்விட்டேன். அங்கே சுவர் தீர்ந்துவிட்டது. முன்னால் பஸ்ஸும் லாரியும், மேலே பிடிமானம் இல்லாத அவ்வளவு பெரிய வானம். கண் இருட்டியது. நான் இங்கே விழுந்து சாவேன், அவர் அங்கே தனியாகச் சாவார் என்று நிச்சயமாக நினைத்தேன். அப்போது தலையில் கூடையோடு ஒரு மீன்காரி என்னைக் கடந்தாள். அவள் முந்தானையை எட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

திருடி என்று நினைத்து மராத்தியில் வைதாள். பிறகு நான் கண்ணைத் திறக்காமலே தொங்குவதைப் பார்த்திருக்க வேண்டும், குரல் தணிந்தது. எனக்கு 'டாக்டர்' என்ற ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

"டரோ மத், சலோ" என்று, பயப்படாதே வா என்பதை இந்தியில் சொல்லி, என்னை இழுத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினாள். வழியெல்லாம் கூடையிலிருந்து மீன்தண்ணீர் என் தலையில் சொட்டியது.

எனக்குத்தான் காய்ச்சல் என்று டாக்டரிடம் அவளே சொல்லிவிட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். அதை எடுத்த கையோடு ஊசியும் போட்டுவிட்டார். நல்லவேளை, அவர் தமிழர்.

"எனக்கில்லங்கய்யா, எங்க வீட்டுக்காரருக்கு" என்று அழுதேன். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மீன்காரி கூடையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு, இந்தமுறை முந்தானையைத் தானாகவே என் கையில் கொடுத்தாள்.

வீட்டில் அவர் மெல்லக் கண் திறந்து, மூக்கை உறிஞ்சி, "மீனு வாங்கவா போன?" என்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார். என் பயமும்தான். இன்றும் யாருடைய துணியையாவது பிடித்தால்தான் ரோடு தாண்டுவேன். என் மருமகள் புடவைக் கடையில் முந்தானையை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். சாயம் போகாதும்மா என்பார் கடைக்காரர்.

"சாயம் போனா போவுது. எங்க அத்த பிடிச்சா கிழியக் கூடாது" என்பாள்.