பூசணி விதை டாக்டரும் பள்ளிக்கூட நூலகரும்

அன்பும் மரியாதையும் மாறாத அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். போன மாதம் எழுதியிருந்தால் இந்த வரி பொய்யாகியிருக்கும்; இப்போது தைரியமாக எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் "சரிம்மா, வெச்சிடட்டுமா" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட பூசணி விதை வீடியோவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டர், பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தை அரித்துவிடும், பூசணி விதை ஊறிய தண்ணீரைக் குடித்தால் மாத்திரையே தேவையில்லை என்று அடித்துச் சொன்னாரே, அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், உங்கள் அருமை மாப்பிள்ளை, "உங்க அண்ணன் விசாரிக்காம எதையும் அனுப்ப மாட்டார்" என்று மாத்திரை டப்பாவைப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பூசணி ராஜ்யம். விதைக்காக வாங்கிய காயைக் குப்பையில் போட மனசு வருமா? காலையும் பூசணி, ராத்திரியும் பூசணி. விதை காய இடமில்லையென்று என் தையல் மேஜையில் பரப்பிவிட்டு பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அதில் இரண்டு மூன்று விதை ஒரு வக்கீலின் கோட்டு உள்துணிக்குள் புகுந்துகொள்ள, நான் பார்க்காமல் மேலே தையல் போட்டுவிட, அவர் வந்து போட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நெஞ்சுகிட்ட என்னமோ நகருதே" என்று பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். சொல்லிக் காட்டவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

நம் வாயாடி இப்போது எட்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் ஒரு நூலகர் அம்மா வந்திருக்கிறார். முன்பெல்லாம் லைப்ரரி பீரியட் என்றால் பிள்ளைகள் மேஜையில் தலை வைத்துத் தூங்கும் நேரம். இந்த அம்மா அதில் பாடமே நடத்துகிறார்: கண்ணில் படும் செய்தியை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், சொல்வதால் அவருக்கு என்ன லாபம், வேறு யாராவது சொல்கிறார்களா என்று விசாரிக்க வேண்டுமாம். வாயாடிக்கு இது போதாதா? அப்பா விதைத் தண்ணீரை வாயில் வைக்கும்போது, "அந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரிப்பா?" என்றாள்.

"வெள்ளைக் கோட்டு போட்டிருக்காரே, அப்புறம் என்ன?"

"எங்க ஸ்கூல் கேன்டீன் மாஸ்டர்கூட வெள்ளைக் கோட்டுதாம்பா போடுறார்."

அவருக்கு வந்ததே கோபம். "அப்பனையே குறுக்கு விசாரணை பண்ணச் சொல்லித் தர்றாங்களா? நேர்லயே கேக்குறேன்" என்று டிரைவர் யூனிஃபார்மோடு கிளம்பிவிட்டார். சண்டை முற்றிவிடக் கூடாதே என்று நானும் கழுத்தில் அளவு டேப் தொங்கத் தொங்கப் பின்னால் ஓடினேன்.

லைப்ரரி, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டின அறை. வெயில் நேராக அலமாரியில் விழுகிறது. அந்த அம்மா ஒரு புத்தகத்தின் முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நாற்காலிதான் இருந்தது. இவர் அதில் உட்கார்ந்ததும் முழங்கால் முகவாய்க்கு வந்துவிட்டது. அந்த நிலையில் யாராலும் கத்த முடியாது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் டாக்டர் இல்லைங்க, மருந்தைப் பத்தி எனக்குத் தெரியாது. இந்த ஆள் யாருன்னு மட்டும் தேடிப் பாப்போமா? நீங்களே தேடுங்க" என்று போனை அவர் கையிலேயே விட்டுவிட்டார். வீடியோவை நிறுத்தி, முகத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்தே தேடச் சொன்னார். அண்ணா, உங்கள் டாக்டர் வந்தார் பாருங்கள். ஒரு படத்தில் மெத்தை விற்கிறார். இன்னொன்றில் தலையில் தொப்பியோடு பெயின்ட் கம்பெனி இன்ஜினியர். வேறொன்றில் பல் வலியால் துடிக்கிறார். வீடியோவின் கடைசியில், நாங்கள் யாரும் பார்க்காத இடத்தில், விதை பாக்கெட் வாங்க விலாசம் இருந்தது.

இவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எல்லாம் பொய்யா?" என்றார்.

"அப்படியும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாதுங்க. சொன்னவர் டாக்டர் இல்லைன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. மாத்திரை வேணுமா வேண்டாமான்னு உங்களைப் பாக்குற டாக்டர்கிட்டதான் கேக்கணும். இன்னைக்கே கேட்டுடுங்களேன்."

அங்கிருந்து நேராக டிப்போ டாக்டரிடம் போனோம். டாக்டர் இவர் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார், ஏறியிருந்த அளவை நம்பாமல் கருவி கெட்டுவிட்டது என்று வேறு கருவி கொண்டுவரச் சொன்னார், அதுவும் அதையே சொன்னதும் இவரைப் படுக்கவைத்துவிட்டார். மறுநாள் இவருக்கு மலைப்பாதை டியூட்டி, அண்ணா. வண்டி நிறைய ஜனம். வளைவில் தலை சுற்றியிருந்தால் என்று நினைத்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இப்போது மாத்திரையும் மனுஷனும் ஒழுங்காக இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், லைப்ரரி ஜன்னல்களுக்குக் கெட்டித் துணியில் திரை தைத்துக்கொண்டு போனேன். புத்தகத்துக்கு வெயில் படாது என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். "நான் ஒண்ணும் பண்ணலைங்க, உங்க பொண்ணு கேட்டா, அவர் தேடினார்" என்றார். அந்த அம்மா வராமலிருந்தால் எங்கள் பெண் கேட்டிருக்கவே மாட்டாள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இப்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரே ஒரு தொந்தரவு: இவர் மாறிவிட்டார். மழை வரும்போல இருக்கு, துணியை எடுங்க என்றால், "யார் சொன்னது?" என்கிறார். துணி நனைந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

ஆகவே அண்ணா, வயதில் பெரியவர் நீங்கள், இனிமேல் எதையும் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பி.கு.: உறையை ஒட்டும் முன் வாயாடி இதைப் படித்துவிட்டு, "மாமாதான் அனுப்பினார்னு யாரும்மா சொன்னது?" என்றாள். அப்பாதான் என்றேன். குழுவில் பின்னால் போய்த் தேடி எடுத்துக் காட்டினாள். வீடியோவைப் போட்டது உங்கள் மாப்பிள்ளையேதான். அதற்குக் கீழே நீங்கள், "டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க மாப்ளே" என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கமான காலை வணக்கம் என்று நினைத்து யாரும் படிக்கவில்லை. கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை, காஜா போட வேண்டிய சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. உங்களைத் திட்டின இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, நன்றி சொன்ன இடங்களில் உங்கள் பெயரையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.