சாலம்மாள் நிறுத்தும் ரயில்

வேப்பம்பாளையம்,
ராசிபுரம் தாலுகா,
12-2-1937

சிரஞ்சீவி தம்பி சண்முகவேலுக்கு அக்காள் முத்தாயம்மாள் ஆசீர்வாதம். இவ்விடம் சுகம். வழக்கத்துக்காக இப்படி எழுதவில்லை. இன்று காலையும் தண்டவாளத்தைத் தாண்டி முழுதாகப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தேன், அதனால் எழுதுகிறேன். சென்னையில் உன் மனைவி மக்களும், நீ அங்கம் வகிக்கும் ரயில் கம்பெனியின் ஆலோசனைக் கமிட்டியும் சுகமென்று நம்புகிறேன்.

நீ டைப் அடித்து அனுப்பிய வாக்குமூலம் கிடைத்தது. வேப்பம்பாளையம் ரயில்வே கேட்டுக்குக் காவலாள் தேவையில்லை என்று தலைமையாசிரியை என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். தண்டவாளத்தோரம் ஊரார் நட்ட கல் மூடநம்பிக்கை என்று சொல்லி அதை எடுக்கச் செய்யவும் வேண்டும் என்கிறாய். இரண்டும் முடியாது. ஏனென்றும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஐப்பசியில் சந்தை பஸ்ஸின்மேல் ரயில் மோதி ஒன்பது பேர் செத்தார்கள். கேட் திறந்து கிடந்தது, ஏனென்றால் காளியண்ணன் என்ற ஒரே ஆளுக்குக் கம்பெனி இரண்டு கேட்டுகளைக் கொடுத்திருந்தது, அவன் அந்த நேரம் அடுத்த கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான். செத்தவர்களில் என் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் சுமந்த சாலம்மாளும் ஒருத்தி. சர்க்கார் விசாரித்தது. ரயில் வரும்போது கேட்டைச் சாத்த வேண்டும் என்ற விதி மீறப்பட்டது என்று கண்டுபிடித்தது. பரிகாரமாக அந்த விதியையே எடுத்துவிட்டது. சின்னப் பாதைகளுக்கு இனி காவல் கட்டாயமில்லை. விதி இல்லாவிட்டால் அதை யாரும் மீற முடியாதல்லவா. காளியண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கேட்டையும் கழற்றிக்கொண்டு போய், அந்த இடத்தில் இங்கிலீஷில் ஒரு பலகை நட்டார்கள். மாட்டுவண்டியை நிறுத்திவிட்டு நம்மூர் நாச்சிமுத்துக் கவுண்டர் என்னைக் கேட்டார்:

"ஏனுங்க டீச்சரம்மா, பலகை என்னங்க சொல்லுது?"

"ரயில் வந்தால் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்."

"செரிங்க. ரயிலு?"

"அதற்குப் பலகை இல்லை."

"ரயிலுக்கு இங்கிலீசு தெரியாதாட்ட இருக்குதுங்க," என்று மாட்டைத் தட்டிவிட்டுப் போனார்.

இனி கல் விஷயம். அகாலமாகச் செத்தவர்களுக்கு விழுந்த இடத்தில் கல் நட்டுக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம், நீ மறந்திருக்கலாம். செத்தவர்களில் இந்த ஊர்க்காரி என்பதால் சாலம்மாளுக்கு நட்டார்கள். நான் நடவில்லை, கும்பிடவும் இல்லை. அவள் உயிரோடிருந்தபோது நாள் தவறாமல் என்னோடு சண்டை போட்டவள், இப்போது போய்க் கும்பிட்டால் அவளே சிரிப்பாள். ஆனால் ரயில் டிரைவர் மயில்சாமி கும்பிடுகிறார். அன்றைக்கு பஸ்ஸில் மோதிய ரயிலை ஓட்டிவந்தவர் அவர்தான். இப்போது தினமும் கல்லுக்கு முன்னால் ரயிலை நிறுத்தி, இறங்கி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் புறப்படுகிறார். அதற்குள் என் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். பிரயாணிகளும் இறங்கித் திருநீறு கேட்கிறார்கள். ரயில் தாமதமாகிறது என்று கம்பெனி அபராதம் போட்டது. மயில்சாமி கம்பெனி இன்ஸ்பெக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

"எத்தனை வேணும்னாலும் போடுங்க சாமி, கட்டிக்கறேன். அந்தம்மாளைத் தாண்டிச் சும்மா போவ எனக்குக் கை வராதுங்க."

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். "நீங்க படிச்சவங்க. நீங்க எடுத்துச் சொன்னா ஊர் கேக்கும்."

"நானும் கேட்டுக்கு ஆள் வேண்டுமென்று எடுத்துச் சொன்னேன். நீங்கள் படித்தவர்தானே, கேட்டீர்களா?" என்றேன். காப்பி வேண்டாம் என்று போய்விட்டார்.

தம்பி, மூடநம்பிக்கையைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதியதை நீ எனக்கே நினைவூட்டியிருக்கிறாய். அதில் ஒரு வரியையும் மாற்றமாட்டேன். ஆனால் காவலாளே இல்லாத கேட்டில் பலகை காப்பாற்றும் என்று நம்புவதற்கு என்ன பெயர் என்று உன் கமிட்டி தீர்மானம் போட்டு எனக்குத் தெரிவிக்கட்டும். அதுவரை கல் அங்கேயே இருக்கும். என் கையெழுத்து என்னிடமே இருக்கும். பள்ளிக்கு மானியத்தை நிறுத்துவார்கள் என்று நீ ஜாடையாக எழுதியிருப்பதும் புரிந்தது. நிறுத்தட்டும்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள். கூடுமானவரை பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறாமல் இருங்கள்.

இப்படிக்கு,
முத்தாயம்மாள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார், காப்பியும் குடித்தார். ரயிலை நிறுத்தாமல் பூசையை முடிக்க வழி உண்டா என்று கேட்டார். ரயில் வரும்போதெல்லாம் கல்லருகே நின்று, பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டி, சனங்களையும் வண்டிகளையும் ஒதுக்கி, டிரைவர் சார்பில் சூடம் காட்டி அனுப்பக் கம்பெனிச் சம்பளத்தில் ஒரு பூசாரி வைக்கலாமே என்றேன். கேட் காவலாளைத்தான் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், பூசாரியைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். மயில்சாமியும் சரியென்றார். பூசாரி காளியண்ணன். அந்த ஒரு கல்லுக்கு மட்டும். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேப்பம்பாளையம் கேட்டுக்குக் காவலாள் தேவையில்லை. கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புக் கொடி ஒன்று, பச்சைக் கொடி ஒன்று, ராந்தல் ஒன்று, எல்லாவற்றையும் பூசைச் சாமான் என்று எழுதி உடனே அனுப்பச் சொல்.